பக்கவண்டிப் பயணிகள்

ஊர்திகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் யந்திரத்தை ஆக்கியவன் பெயரையும் அதனை ஓட்டியவன் பெயரையும் குறித்துவிட்டு, அதில் அமர்ந்து சென்றவரைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது விடுவர். மோட்டார் சைக்கிளின் விலாவில் பொருத்தப்படும் 'சைடுகார்' என்னும் பக்கவண்டியின் கதையை அங்ஙனம் எழுதுதல் இயலாது. ஓட்டுபவனுக்கு அவ்வண்டியால் யாதொரு பயனும் இல்லை. அது தோன்றியதே உடன் வருபவரின் பொருட்டு. ஆதலின் அதன் வரலாற்றை ஆராயுங்கால், மனைவி, தாய், காயமுற்ற போர்வீரன், நாய், சிங்கம் என உடன் வந்தோரின் வரலாற்றையே நாம் ஆராய வேண்டியவராகின்றோம்.

இவ்வாராய்ச்சியில் நாம் இறங்கியதற்கு ஓர் ஏது உண்டு. நாம் எழுத்தராகப் பணிபுரியும் தோட்டத்திற்கு நாள்தோறும் மாலையில் ரொட்டிக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். அதன் பக்கத்தே ஒரு சக்கரமும் தகரப் பெட்டியும் பொருத்தப்பட்டிருக்கும். பெட்டிக்குள் ரொட்டியும் பிஸ்கோத்தும். பெட்டியின்மேல் ஒரு பழுப்பு நாய். செம்மண் பாதையின் வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் அந்நாய் மறுபுறம் சாயும். லயத்துப் பிள்ளைகள் ஒருநாள் நம்மிடம் வந்து, "நாய் ஏன் விழவில்லை, சார்?" என்று கேட்டனர். ஆங்கிலப் பள்ளியில் பதினோராண்டு பயின்ற நமக்கு விடை தெரியவில்லை. வெட்கத்தால் நூல்களைத் தேடினோம். நாயைப் பற்றித் தேடப் போய் வேறு பலவும் அகப்பட்டன.

மோட்டார் பிறக்குமுன்னரே இக்கருத்துப் பிறந்துவிட்டது. 1893-இல் பிரான்சு நாட்டுப் பத்திரிகை ஒன்று, மிதிவண்டியில் மற்றொருவரை ஏற்றிச் செல்லச் சிறந்த வழி காண்போருக்குப் பரிசளிப்பதாக அறிவித்தது. பெர்த்தூ என்னும் படை அதிகாரி, பக்கவாட்டில் ஓர் இருக்கையும் சக்கரமும் இணைத்துக் காட்டிப் பரிசு பெற்றார். ஆயினும் அதனை உடனே எவரும் பின்பற்றினாரில்லை. மோட்டார் சைக்கிள் வந்த தொடக்கத்தில் உடன் வருபவரை இரண்டு விதமாக ஏற்றினர். ஒன்று, யந்திரத்தின் பின்னே இழுத்துச் செல்லும் தொடர்வண்டி. அதில் அமர்ந்தவருக்குப் புழுதியும் புகையுமே உணவு. ஓட்டுபவனோடு பேசவும் முடியாது. இணைப்பு கழன்று அவர் நடுச்சாலையில் நின்றுவிட்டாலும் முன்னே போகின்றவனுக்குத் தெரியாது. மற்றொன்று, ஓட்டுபவனுக்கு முன்னே இருக்கை வைக்கும் முன்வண்டி. அதில் புழுதி குறைவு, காட்சி மிகுதி. ஆனால் எதிரே மாடு வந்தாலும் மதில் வந்தாலும் முதலில் மோதுபவர் முன்னிருப்பவரே. அக்காலத்து ஆடவர் பலர் தம் மனைவியரை இவ்விரண்டில் ஒன்றில் ஏற்றித் தாம் நடுவில் நலமாக அமர்ந்து சென்றனர் என்பதை நம் பெண் வாசகர்கள் குறித்துக்கொள்வாராக.

1903 சனவரியில் இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள் ஏடு ஒன்றில் ஜார்ஜ் மூர் என்னும் ஓவியர் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். அதில் உடன் வருபவர் பக்கவாட்டில் அமர்ந்திருந்தார். சித்திரம் வெளிவந்த சில வாரங்களுக்குள்ளாகவே, மிடில்செக்ஸ் மாவட்டத்து என்ஃபீல்டு ஊரினரான கிரகாம் சகோதரர்களுள் டபிள்யூ. ஜே. கிரகாம் என்பவர் பக்கவண்டிக்குத் தற்காலிகக் காப்புரிமை பெற்றார். கேலியாக வரையப்பட்டது கடையில் விற்கும் பொருளாக மாறிற்று. (என்ஃபீல்டு என்ற பெயரைக் கேட்டவுடன் சென்னையை நினைப்போர் நம்மில் பலர். அவ்வூரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயரைத் தழுவியே ராயல் என்ஃபீல்டு என்னும் பெயர் எழுந்தது. அப்பெயர் தாங்கிய மோட்டார் சைக்கிளை 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் செய்யத் தொடங்கியதும், தாய்நாட்டில் தொழிற்சாலை மூடுண்ட பின்னரும் தமிழ்நாட்டில் அது வாழ்ந்துவருவதும் யாவரும் அறிந்ததே.)

இனி, நாயின் வினாவுக்கு வருவோம். இரு சக்கர வண்டி வளைவில் தானே சாய்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும். பக்கவண்டி பூட்டியதும் அது சாய இயலாததாகிவிடுகின்றது. நம் நாட்டிற்போல் சாலையின் இடப்புறம் செல்லும் நாடுகளில் பக்கவண்டியும் பெரும்பாலும் இடப்புறமே அமையும். விசையைக் கூட்டினால் பக்கவண்டி பின்தங்கும். ஆதலால் முழு யந்திரமும் இடப்புறம் இழுபடும். தடையை அழுத்தினால் பக்கவண்டி முந்தும். யந்திரம் வலப்புறம் திரும்பப் பார்க்கும். இடப்புறம் விரைந்து வளைந்தாலோ, பக்கச் சக்கரம் நிலத்தைவிட்டு மேலெழும். வெறும் பக்கவண்டியோடு ஓட்டப் பழகுபவன் அதனுள் மணல் மூட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியர்கள் கூறுவது இதனாலேயே. பக்கச் சக்கரத்தைச் சற்றே உள்நோக்கித் திருப்பியும், மோட்டார் சைக்கிளைச் சற்றே வெளிப்புறம் சாய்த்தும் பொருத்துவர். இன்றேல் வண்டி ஓயாது ஒரு பக்கமே இழுக்கும். இத்தனையும் செய்த பின்னும், உடன் வருபவர் வளைவின் உட்புறம் சாய்ந்து கொடுப்பது பெருந்துணை. எனவே பக்கவண்டியில் அமர்ந்தவர் வெறும் சுமை அல்லர். வண்டி நிற்பதில் அவருக்கும் பங்குண்டு. ரொட்டிக்காரரின் நாய் இதனை ஏட்டுக்கல்வியின்றியே அறிந்திருந்தது.

விலை மலிவே பக்கவண்டியைப் பரப்பிற்று. கார் வாங்க வகையற்ற எழுத்தர்களும் கைவினைஞர்களும் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர்செல்ல அதுவே வழியாயிற்று. வீட்டு வாயில்கள் குறுகலாயிருந்த தொழிலாளர் தெருக்களில் அதனை உள்ளே கொண்டுசெல்வது எப்படி என்ற சிக்கல் எழுந்தது. பர்மிங்ஹாம் நகரத்து ஃபிரெட் வாட்சன் தம் வீட்டுச் சந்தில் வண்டி நுழையாமற் போகவே, மடக்கத்தக்க பக்கவண்டி ஒன்றைச் செய்தார். 1912-இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னர் வாட்சோனியன் எனப் புகழ்பெற்றது. சந்தின் அகலம் ஒரு தொழிலைப் பிறப்பித்த கதை இது.

நிற்க. பெண்ணுக்கென்று செய்யப்பட்ட இருக்கையிலிருந்து பெண் எழுந்து கைப்பிடியைப் பற்றியது எப்போது? அதுவே நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதி.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் எஃபி ஹாச்கிஸ் என்னும் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். வால் ஸ்திரீட்டில் வங்கி அலுவலகத்தில் எழுத்து வேலை. நம் இனத்தவளே எனலாம். கணக்கேட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அவள், புதிய ஹார்லி டேவிட்சன் ஒன்றை வாங்கிப் பக்கவண்டி பூட்டி, தன் தாய் ஏவிஸ் அம்மையாரை அதில் அமர்த்திக்கொண்டு, 1915 மே மாதத்தில் மேற்குக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டாள். சான் பிரான்சிஸ்கோவில் அவ்வாண்டு நடந்த பெரும் பொருட்காட்சியைக் காண்பது அவர்கள் நோக்கம். அக்காலத்து அமெரிக்காவில் நகரங்களுக்கு அப்பால் சாலை என்று சொல்லத்தக்கது அரிது. மழை பெய்தால் சேறு, வெயில் எரித்தால் புழுதி. நியூ மெக்சிகோவின் வெம்மையில் சக்கரத்தின் உட்குழாய்கள் கெட்டு மாற்றுக் குழாய் இன்றித் தவித்தபோது, எஃபி ஒரு கம்பளியை அளவாக அறுத்துச் சுருட்டிச் சக்கரத்தினுள் திணித்து ஓட்டினாள். ஆகஸ்டில் பசிபிக் கரை சேர்ந்ததும், கிழக்கிலிருந்து உடன் கொண்டுவந்த அட்லாண்டிக் நீரை அதில் ஊற்றினர். பின் அதே வண்டியில் வீடு திரும்பினர். போக்கும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 9,000 மைல்.

இக்கதையைச் சொல்வோர் எஃபியையே புகழ்வர். நமக்கோ தாயின் மீதும் ஒரு கண். மகளைத் தனியே அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சித் தடுக்கும் தாய்மாரை நாம் அறிவோம். அவ்வம்மையார் தடுக்கவில்லை, தாமே ஏறி அமர்ந்துவிட்டார்! நடுவயது கடந்த ஒரு மாது, மாதக்கணக்கில் குலுங்கும் கூட்டில் அமர்ந்து ஒரு பெருங்கண்டத்தை இருமுறை கடப்பது ஓட்டுவதினும் எளிய செயல் என்று நாம் எண்ணவில்லை. ஓட்டுபவளுக்காவது பற்றிக்கொள்ளக் கைப்பிடி உண்டு.

அடுத்த ஆண்டில், 1916-இல், வான் பியூரன் சகோதரியர் இருவர் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் அதே கண்டத்தைக் கடந்தனர். போர்முனையில் செய்தி கொண்டுசெல்லும் பணிக்குப் பெண்கள் தகுதியானவர்கள் என்று காட்டுவதே அவர்கள் கருத்து. வழியில் காற்சட்டை அணிந்த குற்றத்திற்காகச் சில ஊர்களில் காவலர் அவர்களைப் பிடித்து நிறுத்தினர். படைத்துறையும் அவர்கள் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920-இலேதான் என்பதை நினைவிற் கொண்டால் இதில் வியப்பில்லை.

அமெரிக்கப் படை மறுத்த பணியை ஐரோப்பாவில் இரு பெண்கள் முன்னரே செய்துகொண்டிருந்தனர். எல்சி நாக்கர், மைரி சிஷோம் என்னும் அவ்விருவரும் மோட்டார் சைக்கிள் பித்தினாலேயே நண்பரானவர்கள். எல்சியிடம் பக்கவண்டி பூட்டிய சேட்டர்-லீ வண்டி ஒன்று இருந்தது. 1914 செப்டம்பரில் மருத்துவர் ஹெக்டர் மன்றோவின் ஆம்புலன்சுக் குழுவில் சேர்ந்து பெல்ஜியம் சென்றபோது மைரிக்கு வயது 18. காயமுற்றோரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே பலர் உயிர் நீங்குவதைக் கண்ட எல்சி, மருத்துவ நிலையமே போர்முனைக்கு அருகில் வரவேண்டும் என்று முடிவு செய்தார். பெர்வைஸ் என்னும் இடிந்த சிற்றூரில் ஒரு நிலவறையில் குடியிருந்து, 1918-இல் நச்சுப்புகையால் தாக்குண்டு வெளியேறும்வரை இருவரும் தொண்டாற்றினர். அப்போரிலேயே பக்கவண்டியில் விக்கர்ஸ் யந்திரத் துப்பாக்கியைப் பூட்டிப் பிரிட்டிஷார் தனிப்படை ஒன்றையும் அமைத்தனர். பதுங்குகுழிப் போரின் சேற்றில் அதற்கு வேலை மிகவில்லை. தாயும் மனைவியும் அமர்ந்த இடத்தில் துப்பாக்கி அமர்ந்தது; துப்பாக்கி அமர்ந்த இடத்தில் பின்னர்க் காயமுற்றவன் கிடந்தான். போரின் இயல்பு முழுவதும் அதில் அடங்கிற்று.

பெண்களின் பயணங்களுள் மிகப் பெரியது 1934-இல் தொடங்கியது. ஃபுளோரன்ஸ் பிளென்கிரன், தெரேசா வாலக் என்னும் இருவர் 600 சி.சி. பாந்தர் வண்டியொன்றில் பக்கவண்டியும், போதாமைக்கு அதன் பின்னே ஒரு தொடர்வண்டியும் பூட்டி, அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் நாள் இலண்டனிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்கோடியை நோக்கிப் புறப்பட்டனர். சகாராப் பாலைவனத்தைத் திசைகாட்டி இல்லாமலே கடந்தனர். மணலில் சக்கரம் புதைந்த இடங்களில் இறங்கித் தள்ளினர். யந்திரம் கெட்டு நடுவழியில் நின்றபோது பிரித்துப் பழுதுபார்த்தவர் வாலக்கே. பொறியியல் பயின்றவர் அவர். 1935 சூலை 29-இல் கேப் டவுனை அடைந்தனர். இதில் பக்கவண்டி என்பது ஒருத்தி ஓட்டும்போது மற்றொருத்தி இளைப்பாறும் இடம். இருவர் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது 'உடன் வருபவர்' என்று தனியே ஒருவர் இல்லாமற் போகின்றார்.

அவர்கள் கடந்துசென்ற நிலமெல்லாம் பிறர் ஆட்சியில் அடங்கிக் கிடந்த நிலம் என்பதையும் நாம் மறக்கவில்லை. பிரெஞ்சுக் கோட்டையிலிருந்து பிரிட்டிஷ் எல்லைக்கு அவர்கள் சென்றனர். அந்நிலத்து மக்கள் அவ்வாறு கடவுச்சீட்டுடன் இலண்டன் வரை ஓட்டிவந்திருந்தால் என்ன வரவேற்பு கிட்டியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. ஆயினும் அதனை அவ்விரு பெண்கள் மீது குற்றமாக ஏற்றுவது முறையன்று. வாலக் இரண்டாம் போரில் படையில் செய்தி கொண்டுசெல்பவராகப் பணியாற்றி, பின் அமெரிக்கா சென்று பிறருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, 1999-இல் மறைந்தார். இப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவிற்குப் பின்னரே அச்சேறிற்று.

பந்தயக் களத்தில் உடன் வருபவரின் பங்கு இன்னும் வெளிப்படையானது. ஐல் ஆப் மேன் தீவில் 1923-இல் முதன்முறை பக்கவண்டிப் பந்தயம் நடந்தபோது வென்றவர் ஃபிரெடி டிக்சன். அவருடைய டக்ளஸ் வண்டியின் பக்கவண்டி வளைவுகளில் சாயக்கூடியது. நெம்புகோலைப் பிடித்து அதனைச் சாய்த்தவர் உடன் சென்ற வால்டர் டென்னி. 1949-இல் உலகப் பட்டம் முதன்முறை வழங்கப்பட்டபோது எரிக் ஆலிவரும் டெனிஸ் ஜென்கின்சனும் அதனைப் பெற்றனர்; ஜென்கின்சன் பத்திரிகை எழுத்தாளர் என்பது எம்போல் பேனா பிடிப்போருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. 1954-இல் அத்தீவுப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதற்பெண் இங்கே ஸ்டோல். அவர் வந்தது உடன் வருபவராகவே. வளைவுதோறும் உடலை நிலத்தோடு ஒட்டத் தொங்கவிட்டு வண்டியை நிலைநிறுத்தும் பணி அவருடையது. 1958-இல் பிர்னோ நகரத்துப் பந்தயத்தில் அவரும் ஓட்டுநர் ஜாக் திரியோனும் ஒருங்கே உயிரிழந்தனர்.

இனி, விலங்குகள். உழவர்கள் பக்கவண்டியின் கூட்டை எடுத்துவிட்டுப் பலகைப் பெட்டி வைத்து ஆட்டையும் பன்றியையும் சந்தைக்குக் கொண்டுசென்றது இயல்பான செய்தி. நாய் தானே விரும்பி ஏறும் பிராணி. காற்றில் மூக்கை நீட்டி வருவதில் அதற்கு இன்பமுண்டு. ஆனால் மனிதன் அதனோடு நில்லான். 1930-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'மரணச் சுவர்' என்னும் காட்சி பெருவழக்காயிருந்தது. பீப்பாய் போன்ற மரச் சுவரின் உட்புறத்தே மோட்டார் சைக்கிளைச் செங்குத்தாக ஓட்டிக் காட்டுவது அது. வேகம் இருக்கும்வரை வண்டி சுவரோடு அழுந்தி நிற்கும். மனிதன் மட்டும் சுற்றுவது பார்ப்போருக்குச் சலித்துப்போகவே, பக்கவண்டியில் சிங்கத்தை ஏற்றினர்! இங்கிலாந்தின் சவுத்எண்டு நகரத்துக் குர்சால் கேளிக்கைத் திடலில் 'டொர்னாடோ' சுமித் என்பவர் பிரிட்டன் என்னும் பெயருடைய பெண்சிங்கம் ஒன்றைத் தம்மோடு ஏற்றிச் சுவரில் சுற்றினார். பார்த்தவர்கள் சிங்கத்தை அடக்கிய வீரம் என்று கைதட்டினர்.

காடாள வேண்டிய விலங்கைத் தகரக் கூட்டில் உருட்டியதில் வீரம் எங்கே உள்ளது என்று நமக்கு விளங்கவில்லை. உடன் வருபவர் என்று சொல்ல வேண்டுமாயின் வரச் சம்மதிக்கவேண்டும் அன்றோ? ஏவிஸ் அம்மையார் சம்மதித்தார். ரொட்டிக்காரரின் நாயும் சம்மதித்தது. அப்பெண்சிங்கத்தை எவரும் கேட்கவில்லை. சஃபோக் மாவட்டத்துப் பாக்ஸ்ஃபோர்டு சிற்றூரில் ஒரு விடுதியின் முன்னே அது புதைக்கப்பட்டதை அவ்வூரார் இன்றும் நினைவு கூர்கின்றனர்.

நம் பக்கத்து நாடுகளுக்குப் பக்கவண்டி வேறொரு வடிவில் வந்தது. மோட்டாரை நீக்கிவிட்டு மிதிவண்டியின் விலாவில் இருக்கை பூட்டியதே சிங்கப்பூர்த் திரிஷா. பினாங்கில் பயணி முன்னே அமர்வார், சிங்கப்பூரிலோ பக்கத்தில். பர்மாவில் அதே வகை வண்டியைச் 'சைக்கா' என்பர். சைடுகார் என்னும் சொல்லே அவர்கள் நாவில் அங்ஙனம் திரிந்தது. அதில் இருவர் முதுகோடு முதுகு சாய்ந்து அமர்வர். ஜப்பானிய ஆட்சியில் பெட்ரோல் அரிதாகிக் கார்கள் முடங்கிய ஆண்டுகளில் சிங்கப்பூரில் திரிஷாக்கள் பெருகின. மனிதன் மாடுபோல் முன்னின்று இழுத்த ரிக்ஷா அங்கு 1947-இல் ஒழிக்கப்பட்டது. இழுப்பவன் மிதிப்பவனானான், பாரம் குறைந்தது, கூலி உயர்ந்ததா என்பது வேறு கேள்வி. அவ்வாட்சியாளரின் படைக்கே ஹார்லி டேவிட்சனின் உரிமம் பெற்று ஜப்பானில் செய்த ரிக்குவோ என்னும் பக்கவண்டி மோட்டார் சைக்கிள் இருந்தது. அமெரிக்கர் விற்ற கலையைக் கொண்டே அமெரிக்கரோடு பொருதனர்.

மேலைநாட்டில் குடும்ப ஊர்தியாக அதன் வாழ்வு நெடிது நீளவில்லை. 1922-இல் ஆஸ்டின் செவன் என்னும் சிறு கார் முதல் அடி கொடுத்தது. 1959-இல் மினி கார் மற்றதை முடித்தது. மழையில் நனையாமல் செல்ல வழி கிடைத்தபின் எவர் நனைவார்? உருசியாவில் 1941-இல் படைக்கெனத் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த யூரல் வண்டி இன்றும் பக்கவண்டியோடு விற்கப்படுகின்றது. கியூபாவில் பழைய பக்கவண்டிகள் குடும்பங்களைச் சுமந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. நம்மவர்க்கோ 1975-இல் வந்த 'ஷோலே' இந்திப் படத்தில் நண்பர் இருவர் பாடிக்கொண்டு செல்லும்போது பக்கவண்டி கழன்று தனியே ஓடிப் பின் மீண்டும் வந்து சேரும் காட்சியே முதலில் நினைவுக்கு வரும்.

பிள்ளைகளுக்கு நாயின் கதையைச் சொல்லி முடித்தோம். எஃபியின் கதையைக் கேட்ட சிறுமி ஒருத்தி, "அவங்க அம்மா பயப்படலையா?" என்றாள். பயந்திருப்பார், பயத்தோடுதான் ஏறியிருப்பார் என்றோம்.

சென்ற ஆண்டு முதல் ரொட்டிக்காரருக்கு முழங்கால் நோவு. அவர் மகளே வண்டியை ஓட்டி வருகின்றாள். முதல் வாரம் லயத்துப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்து, ஆண்பிள்ளை இல்லாத வீடா என்று கேட்டனர். ரொட்டி சூடாக இருந்தமையால் வாங்கிக்கொண்டனர். இரண்டாம் வாரம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. கடன் வைப்பதில் தந்தையினும் மகள் கண்டிப்பு என்பது மட்டுமே இப்போதைய முறையீடு. நோவு குறைந்த நாட்களில் தந்தையும் வருவதுண்டு. அந்நாட்களில் அவர் பெட்டியின்மேல் அமர்வார். நாய் அவர் மடியில் அமரும். வளைவில் மூவரும் ஒரே பக்கம் சாய்வர்.